இல்லை என்று நான் நிரப்பிய கட்டம்

என் சம்பந்தி எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாவாடை கட்டிக்கொண்டுதான் வந்தார். ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லேண்ட் கோயில் மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் ஊதுவதை ஒரு நொடி நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஈரோட்டுப் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த என் பங்காளித் தம்பி என் காதருகே குனிந்து, "ஏனுங்ணா, மாப்பிள்ளையோட அப்பா கைலிய மடிச்சுக் கட்டீட்டு வந்திருக்காரு?" என்று கேட்டான். பெண்ணைப் பெற்றவன் மணவறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சிரிக்கக் கூடாது. நான் சிரித்துத் தொலைத்தேன். சம்பந்தி அதைப் பார்த்தார். எதற்கென்று தெரியாமலே அவரும் சிரித்தார்.

பச்சையும் கருநீலமும் கட்டம் போட்ட கம்பளித் துணி. முழங்கால் வரை காலுறை, இடுப்பில் ஒரு தோல் பை. ஹூஸ்டன் வெயிலில் கம்பளியைச் சுற்றிக்கொள்ள ஒருவருக்குத் தலையெழுத்தா என்று நினைத்தேன். அவர் டெக்ஸாஸில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அங்கேயே பிறந்தவர்கள். ஐந்து தலைமுறைக்கு முன்னால் ஒரே ஒருவர் ஸ்காட்லாந்தில் கப்பலேறி வந்திருக்கிறார். அந்த ஒருவருக்காகத்தான் இந்தக் கம்பளி.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்க் குழாய்களில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்த்து எழுதுவது என் வேலை. ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் வீடு வாங்கிக் குடியேறி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு படிவம், ஒவ்வொரு படிவத்திலும் நாற்பது கட்டங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் எனக்குக் கை அரிக்கும். வாயும் கொஞ்சம் நீளம். இந்த இரண்டும் சேர்ந்துதான் நான் சொல்லப் போகும் காரியத்தைச் செய்தன.

கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தி அடிக்கடி எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். மனைவியை இழந்தவர். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். வடக்கே இருந்து ஒரு மணி நேரம் ஃப்ரீவேயில் ஓட்டி வந்து, என் மனைவி போடும் காபியைக் குடித்துவிட்டு, கேள்விகளாகக் கேட்பார். உங்களுக்கும் கிளான் உண்டா என்று ஒருநாள் கேட்டார். கிளான் என்றால் என்ன என்று நான் திருப்பிக் கேட்டேன். ஒரே மூதாதையின் வழியில் வந்தவர்கள், ஒரே பெயர் சொல்லிக்கொள்பவர்கள், ஒருவருக்கொருவர் அண்ணன் தம்பி முறை என்றார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அது எங்கள் ஊரில் கூட்டம். ஒரு கூட்டத்துக்கு ஒரு குலதெய்வம். ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுக்க மாட்டோம், கொடுக்க மாட்டோம். எல்லோரும் பங்காளி.

அலமாரியிலிருந்து எங்கள் கூட்டத்தின் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினேன். குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்தை ஒட்டி அச்சடித்தது. குடும்பம் குடும்பமாகப் பெயர்கள், தலைமுறை வரிசைகள். அவர் தமிழ் எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். "எங்களிடம் இப்படி ஒரு புத்தகம் இல்லை. சர்ச்சுப் பதிவேடுகளிலிருந்து நான்தான் ஒவ்வொரு பெயராகப் பொறுக்கினேன்" என்றார். கேட்டியில் இத்தனை வருடத்தில் என் கூட்டத்தைப் பற்றி என்னிடம் விரும்பிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவரை எனக்குப் பிடித்துவிட்டது. கைலிக் கேலியை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவர் மகனுக்கு, அதாவது என் மாப்பிள்ளைக்கு, இதெல்லாம் வேஷமாகத்தான் தெரிந்தது. "நாம டெக்ஸாஸ்காரங்க, டாட். அதோட விடுங்க" என்பார். அந்தத் துணியின் கட்டங்களில் பாதி துணி ஆலைக்காரர்கள் பின்னாளில் ஜோடித்தது என்று அப்பாவின் எதிரிலேயே சொல்வார். சம்பந்தி மறுக்க மாட்டார். "இருக்கட்டும். ஜோடித்ததையும் நாலு தலைமுறை உடுத்தினால் அது துணிதானே" என்பார். எனக்குப் பதில் பிடித்திருந்தது.

அவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் வம்சாவளிகள் எல்லாம் சேர்ந்து, கெல்டிக் என்று பொதுவாக ஒரு பெயர் வைத்துக்கொண்டு, வசந்த காலத்தில் கேட்டிக்கு மேற்கே ஒரு புல்வெளியில் விழா நடத்துவார்கள். யார் அசல், யார் நகல் என்று வருடம் முழுக்க மின்னஞ்சலில் சண்டை போடுவார்கள். விழா அன்று சாயங்காலம் ஒரு சடங்கு. பொழுது சாயும்போது ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒருவர் தீப்பந்தத்துடன் மைதானத்தின் நடுவுக்கு வர வேண்டும். தன் பெயர், தான் யாருடைய பிள்ளை, எந்த ஊர் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தின் பெயரை உரக்கக் கூவ வேண்டும். கூவ ஆள் வராவிட்டால் அந்தப் பெயரை அந்த வருடம் தாண்டிப் போய்விடுவார்கள். அந்தச் சங்கத்தில் சம்பந்தியின் கூட்டத்துக்கு இருந்தது அவர் குடும்பம் மட்டும்தான். இருபது வருடமாக அவர்தான் கூவி வந்தார்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு துணி. பேச்சு போய்விட்டது. கையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் வைத்துக்கொண்டு எழுதிக் காட்ட ஆரம்பித்தார். அடுத்த வசந்தம் வரையில்தான் மருத்துவர்கள் பேசினார்கள். அதற்கு அப்பால் பேசவில்லை.

யார் கூவுவது என்ற கேள்வி வந்தது. மகனிடம் கேட்டார். மாப்பிள்ளை முடியாது என்றார். நம்பாததை அப்பாவுக்காக நம்புவதுபோல நடிக்க வராது என்றார். அது நேர்மைதான். ஆனால் அன்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. சம்பந்தி பிறகு என் மகளிடம் பலகையை நீட்டினார். நீ செய்வாயா என்று எழுதியிருந்தார். அவள் சரி என்றாள். மாமனாரோடு உட்கார்ந்து பழைய பதிவேடுகளைத் தேடியதெல்லாம் அவள்தான். அந்தப் பெயர்கள் அவளுக்கு மனப்பாடம்.

சங்கத்துக்குத் தெரிந்ததும் மின்னஞ்சல்கள் பறந்தன. மகள் எனக்கு அவற்றை அனுப்பினாள். படிக்கப் படிக்க என் ரத்தம் கொதித்தது. இரத்த வழி வேண்டும் என்றார் ஒருவர். இரத்தம் இல்லாவிட்டால் பெயராவது வேண்டும், அவள் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்றார் இன்னொருவர். அது உண்மை. இங்கே பிறக்கும் நம் பிள்ளைகளுக்கு அப்பாவின் பெயர்தான் கடைசிப் பெயர். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் என் பெயரையே வைத்துக்கொண்டாள். எனக்கு அதில் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அதை அவளிடம் சொன்னதில்லை.

நூலகத்தின் கூட்ட அறையில் பேசி முடிவு செய்வதாக வைத்தார்கள். சம்பந்தி என்னை வரச் சொன்னார். "எனக்குப் பேச ஒரு வாய் வேண்டும்" என்று எழுதியிருந்தார். கிடைத்ததே வாய்ப்பு என்று கிளம்பிவிட்டேன்.

சங்கத்தின் தலைவி எழுபது வயதுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். "உங்கள் மகள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆனால் யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு மொழி இருக்கிறது, கோயில் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது. எங்கள் மொழியை என் பாட்டனாரின் பாட்டனாரே மறந்துவிட்டார். எங்களுக்கு மிஞ்சியது இந்தப் பெயர் மட்டும்தான். அதையும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றால் பிறகு எங்களிடம் என்ன இருக்கிறது?"

சண்டைக்குத் தயாராக வந்திருந்தேன், ஆனால் அவர் சொன்னதில் வலி இருந்தது. அந்த வலி எனக்குத் தெரிந்ததாகவும் இருந்தது.

எண்ணெய்க் கம்பெனி வேலைக்காக அபர்டீனிலிருந்து வந்த ஒருவரும் அந்த அறையில் இருந்தார். அங்கிருந்தவர்களில் ஸ்காட்லாந்தில் பிறந்தவர் அவர் ஒருவர்தான். அவர் கையை மடித்துக்கொண்டு சொன்னார்: "எங்கள் ஊரில் இந்தப் பெயர் உள்ளவர் பஸ் ஓட்டுகிறார். பந்தம் பிடிப்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. என்னைக் கேட்டால், அந்தப் பெண் உங்கள் எல்லோரையும் போலத்தான். அதாவது, நீங்கள் யாருமே ஸ்காட்லாந்துக்காரர் இல்லை." யாரும் சிரிக்கவில்லை. அவர் உதவி செய்வதாக நினைத்துச் சொன்னார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல ஆயிற்று.

அப்போதுதான் நான் எழுந்தேன். என் மகள் இரண்டாவது வரிசையில் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கள் பக்கத்திலும் கூட்டம் உண்டு" என்று ஆரம்பித்தேன். "பல தலைமுறை வரிசையை அச்சில் வைத்திருக்கிறோம். எங்களுக்குச் சட்டம் தெளிவு. தாலி கட்டிய நிமிடத்தில் பெண் பிறந்த கூட்டத்தை விட்டுக் கணவனின் கூட்டத்துக்குப் போய்விடுகிறாள். திரும்பி வருவது கிடையாது. அவள் குலதெய்வம் மாறிவிடும். நாளைக்கு நான் செத்தால் என் பங்காளிகளுக்குப் பத்து நாள் தீட்டு, என் மகளுக்கு மூன்று நாள்தான். என் பெயரை அவள் வைத்திருப்பது வெறும் பாஸ்போர்ட் விவகாரம். அவள் இனி எங்கள் ஆள் அல்ல. உங்கள் ஆள். நான் கொடுத்துவிட்டேன். நீங்கள் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றால் அவள் எங்கே போவாள்?"

நன்றாகத்தான் பேசினேன். பேசியபோதே தெரிந்தது. தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொடுத்துவிட்டேன் என்ற சொல் அவர்களை அசைத்துவிட்டது. கையைத் தூக்கச் சொன்னார்கள். மூன்று கை தவிர மற்றவை உயர்ந்தன. சம்பந்தி என் கையைப் பிடித்து அழுத்தினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே காரில் ஏறும்போது மகள், "தேங்க்ஸ்ப்பா" என்றாள். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள். விழாக் கூடாரத்தில் வைப்பதற்காக சம்பந்தி ஒரு பெரிய பலகையில் வம்ச வரிசையை வரைந்துகொண்டிருந்தார். அதில் மருமகளின் பெயருக்கு மேலே கோடு ஒன்றும் இல்லாமல் மொட்டையாக நிற்கிறது, உன் பக்கத்துப் பெயர்களையும் கொண்டு வா என்று அவளிடம் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார். எங்கள் கூட்டத்துப் புத்தகத்தைக் கேட்டாள். புதுப் பதிப்பு அலமாரியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காபி கலக்கப் போனேன். எட்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான்தான் அவளைத் தமிழ் வகுப்புக்கு அழைத்துப் போனேன். மெதுவாகப் படிப்பாள், தப்பில்லாமல் படிப்பாள்.

காபியோடு வந்தபோது அவள் கையில் புத்தகம் இல்லை. அதற்குள் நான் செருகி வைத்திருந்த ஒரு தாள் இருந்தது. புதுப் பதிப்புக்காக ஊரிலிருந்து அனுப்பிய படிவம். அவள் கல்யாணத்துக்கு அடுத்த வருடம் நிரப்பி, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, வழக்கம்போல ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

"அப்பா, இது உங்க ஹேண்ட்ரைட்டிங்தானே?"

"ஆமா. ஊர்ல கேட்டாங்க, ஃபில் பண்ணிக் குடுத்தேன்."

அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். "ஆண் மக்கள். இல்லை. மணமாகாத பெண் மக்கள். இல்லை." தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. "ஸோ, நான் எங்க?"

"அது கரெக்ட்தாம்மா. உனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே. கட்டிக் குடுத்த பொண்ணுங்களுக்கு அதுல கட்டம் கிடையாது."

"ரெண்டு கட்டத்துலயும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. யூ ரோட் தட் யூ ஹேவ் நோபடி."

"அது வழக்கம். உன்ன யாரும் விரட்டல."

"அன்னைக்கு மீட்டிங்ல பேசினீங்களே. எனக்காக சும்மா ஆர்கியூ பண்றீங்கன்னு நெனச்சேன். நிஜமாவே அப்படித்தான் நெனைக்கறீங்க, இல்ல?" அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். "அவங்க நான் அவங்க ஆள் இல்லன்னு ஈமெயில்தான் அனுப்பினாங்க. நீங்க எழுதியே குடுத்துட்டீங்கப்பா. அங்க நின்னு யாரோட பொண்ணுன்னு சொல்லணும். நான் யாருன்னு சொல்றது?"

அந்த இடத்தில் ஒரு தகப்பன் சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான். அதை நான் சொல்லவில்லை. "எல்லாத்தையும் பெருசு பண்ணாத" என்று கத்தினேன். ஒரு படிவத்துக்கு இவ்வளவா என்றேன். அவள் தாளை மடித்துப் புத்தகத்துக்குள் இருந்தபடியே வைத்துவிட்டுக் கிளம்பினாள். காபியைத் தொடவில்லை. அன்றே மாமனாரிடம், தன்னால் முடியுமா என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டாளாம். மாப்பிள்ளை போனில் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் நியாயம் கேட்டேன். அவள் குழாயை மூடவில்லை, திரும்பவும் இல்லை.

"எங்கப்பா ஊட்டுப் புஸ்தகத்துல நானுந்தான் இல்ல. முப்பத்திரெண்டு வருசமாச்சு."

"நீ அதப் பத்தி ஒருநாளும் சொன்னதில்லையே."

"யாராச்சும் கேட்டாங்களா?"

அவ்வளவுதான் சொன்னாள். நான் என் அறைக்குப் போய்ப் படிவத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மூட்டையும் விளக்கடித்துப் பார்த்து விரிசல் கண்டுபிடிப்பவன் நான். இல்லை, இல்லை என்று அழகான கையெழுத்தில் இரண்டு முறை எழுதியிருந்தேன். எழுதியபோது என் பேனா ஒரு இடத்தில்கூடத் தயங்கியதாகத் தெரியவில்லை.

இரண்டு வாரம் அவள் பேசவில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பாள், அம்மாவிடம் கொடுங்கள் என்பாள். மன்னிப்புக் கேட்க எனக்கு வரவில்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்று ஒரு பக்கம் குடைந்துகொண்டே இருந்தது. உண்மையைச் சொன்னால், வழக்கம் சொன்னதை எழுதினேன், அவ்வளவுதான் என்று விழா நாள் காலை வரை எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன்.

விழாவுக்கு நானும் மனைவியும் போனோம். போகாமல் இருக்க முடியவில்லை. வெயில் கொளுத்தியது. புல்வெளி முழுக்கக் கூடாரங்கள், வறுத்த இறைச்சி வாசனை, நாலு திசையிலும் பேக்பைப் வாத்தியச் சத்தம். சம்பந்தி ஒரு மடக்கு நாற்காலியில் அந்தக் கம்பளித் துணியோடு உட்கார்ந்திருந்தார். துணிக்குள் ஆள் பாதியாகியிருந்தார். மாப்பிள்ளை ஜீன்ஸில் பக்கத்தில் நின்று, கழுத்துத் துளைக்கு மேல் வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் வம்ச வரிசைப் பலகை. என் மகளின் பெயருக்கு மேலே அப்போதும் கோடு இல்லை. மகளைக் காணவில்லை.

"வருவாளா?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

"தெரியல, மாமா." தமிழில் அவருக்குத் தெரிந்த சில சொற்களில் அது ஒன்று.

பொழுது சாய்ந்தது. அகர வரிசையில் பெயர்களை அழைக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவராகப் பந்தத்தோடு நடுவுக்குப் போனார்கள். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று சொல்லிக் கூவினார்கள். தலைவி மேடையில் பட்டியலோடு நின்றார். எங்கள் முறைக்கு இன்னும் நாலு பெயர் இருந்தபோது சம்பந்தி நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். மாப்பிள்ளை வேண்டாம் என்றார். அவர் கேட்கவில்லை. பந்தத்தை எடுத்துக்கொண்டார். குரல் இல்லாத மனிதர் நடுவில் போய் நின்று என்ன செய்வார்? தாங்கிப் பிடிக்க நான் ஓர் அடி எடுத்து வைத்தேன்.

அப்போது கூடாரத்தின் பின்னாலிருந்து மகள் வந்தாள். சாதாரண பருத்திச் சுடிதார். மாமனாரின் தோளில் கிடந்த, அதே கட்டம் போட்ட மேல்துணியை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அவர் கையிலிருந்து பந்தத்தை வாங்கினாள். என் பக்கம் பார்க்கவில்லை.

பெயரை அழைத்தார்கள். அவள் நடந்து போய் நடுவில் நின்றாள். ஒலிபெருக்கியில் அவள் மூச்சு கேட்டது. தன் பெயரைச் சொன்னாள். பிறகு, இன்னாரின் மகள் என்று என் பெயரைச் சொன்னாள். இந்த நாட்டில் எல்லோரும் பாதியாக வெட்டிக் கூப்பிடும் பெயர் அது. நானே போனில் பாதியாகத்தான் சொல்வேன். அவள் முழுதாகச் சொன்னாள், என் அம்மா கூப்பிட்டதுபோல. ஈரோட்டுப் பக்கத்து எங்கள் சின்ன ஊரின் பெயரையும் அந்த டெக்ஸாஸ் புல்வெளியில் சொன்னாள். அதற்குப் பிறகு, "என் மாமனாரால் இன்று பேச முடியாது. அவருக்காக நான் அழைக்கிறேன்" என்று சொல்லி, அந்தக் கூட்டத்தின் பெயரைக் கூவினாள். வயலில் எதிரெதிரே நின்று கூப்பிடும் குரல் அது. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

நான் அழுதேன். மறைக்க முயலவில்லை. அவ்வளவு பேர் நடுவில் அவள் என்னை உண்டு என்று சொன்னாள். நான் அவளை இல்லை என்று எழுதியவன். என் மனைவி என்னைத் தேற்றவில்லை. அவளும் அழுதுகொண்டிருந்தாள். மேடையில் தலைவி பட்டியலில் குனிந்து அந்தப் பெயருக்கு நேரே ஒரு குறி போட்டதைப் பார்த்தேன். இப்படிப்பட்டவை மட்டும் என் கண்ணுக்குத் தப்பாது.

மகள் திரும்பி வந்ததும் சம்பந்தி அவள் நெற்றியில் கை வைத்தார். பிறகு என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்து வம்ச வரிசைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார். அவள் பெயருக்கு மேலே ஒரு கோடு இழுத்தார். பேனாவை என்னிடம் கொடுத்தார். வெள்ளைப் பலகையில், "உங்கள் கையாலேயே எழுதுங்கள். அவள் சொன்னது எனக்குச் சரியாகக் காதில் விழுந்ததா என்று பார்க்கிறேன்" என்று எழுதிக் காட்டினார்.

நான் என் பெயரை எழுதினேன். பக்கத்தில் என் மனைவி பேனாவை வாங்கித் தன் பெயரைத் தானே எழுதினாள். அதற்கு மேலே தன் அம்மாவின் பெயரை எழுதினாள். அதற்கும் மேலே இன்னொரு பெயரை எழுதினாள். அது அவள் அம்மாவின் அம்மாவாம். முப்பத்திரண்டு வருடத்தில் அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"சாரிம்மா" என்று மகளிடம் சொன்னேன். தாமதமான சொல். அவள் கை என் முழங்கைக்குள் வந்து நின்றது.

சம்பந்தி அந்த இலையுதிர் காலத்தில் போய்விட்டார். அவருக்கு அந்தத் துணியைத்தான் உடுத்தினார்கள். மாப்பிள்ளையே தன் கையால் மடிப்பு வைத்துக் கட்டினார். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். அந்தப் பலகை இப்போது மகள் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது.

சென்ற மாதம் ஊரிலிருந்து பங்காளித் தம்பி கூப்பிட்டான், கல்யாணத்தில் கைலி பற்றிக் கேட்ட அதே தம்பி. புத்தகம் மறுபடி அச்சுக்குப் போகிறது, திருத்தம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றான்.

"ஒண்ணு இருக்குது. பொண்ணு பேரச் சேர்க்கோணும்."

"கட்டிக் குடுத்த புள்ளைகளுக்குக் கட்டம் இல்லீங்களேங்ணா. அவிய ஊட்டுப் புஸ்தகத்துல பேரு வந்திருக்குமில்லீங்க?"

"வந்திருக்குதப்பா. எம்பேரும் அதுலதான் வந்திருக்குது."

அவனுக்குப் புரியவில்லை என்று தெரிந்தது. புரியும்படி சொன்னேன். "அவ பேருக்குக் கட்டம் இல்லீன்னா எம்பேரையும் எடுத்துரு."

பெரியவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான். இன்னும் சொல்லவில்லை.